நாலாவது குழந்தை

திருவள்ளூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் போனால் காப்பி வருவதற்கு முன்னால் பையன் வருவான். வயது எட்டு. சட்டைப் பொத்தான்களை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்பான். தகப்பனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பெல்ஜியம்?" என்பார். "பிரஸ்ஸல்ஸ்" என்பான் பையன். "மங்கோலியா?" "உலான்பாத்தர்." "பெரு?" "லிமா." இப்படியாகப் பூமண்டலத்தை ஒரு தடவை பிரதட்சிணம் செய்து முடித்த பிறகுதான் சமையலறையிலிருந்து காப்பி வெளிப்படும்.

சென்ற பங்குனி மாதத்தில் போயிருந்தபோதும் இந்தச் சடங்கு குறைவில்லாமல் நடந்தது. ஆனால் பையனுடைய கண் மட்டும் அடிக்கடி தாழ்வாரத்து மூலைக்குப் போய்விட்டுத் திரும்பியது. நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் ஒரு சுவர்க் கடிகாரம் அக்கு வேறு ஆணி வேறாகக் கிடந்தது.

"அது என்ன?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேட்கிறீர்கள்! நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரம். கழற்றிப் போட்டுவிட்டான். இவனிடம் அது ஒன்றுதான் கெட்ட குணம்" என்றார் நண்பர்.

பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு விசாரித்தேன். "பெரிய முள் பன்னிரண்டு தடவை சுற்றினால் சின்ன முள் ஒரு தடவைதான் சுற்றுகிறது, மாமா. இரண்டும் ஒரே இடத்தில்தான் மாட்டியிருக்கிறது. அது எப்படி என்று பார்த்தேன்" என்றான்.

"தெரிந்ததா?"

"பாதி தெரிந்தது. அதற்குள் அப்பா வந்துவிட்டார்."

தலைநகரங்கள் எல்லாம் தகப்பனாருடைய புத்தி. அந்தக் கடிகாரம்தான் பிள்ளையின் சொந்தப் புத்தி என்று எனக்குத் தோன்றியது. ஆனால் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது இப்படிப்பட்ட அபிப்பிராயங்களை வெளியிடுவது மரியாதை ஆகாது. விடைபெறும்போது நண்பர் வாசல் வரையில் வந்தார். "இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டால், 'நன்றாகத்தானே படிக்கிறான், உங்களுக்கு என்ன கவலை?' என்கிறார்கள். நீங்களாவது யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், மறுநாள் நான் பார்த்த இன்னொரு பையனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

* * *

சென்னையிலிருந்து வடக்கே போகும் ரெயில் பாதையை நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வயலும் ஏரியுமாக வந்துகொண்டிருந்த ஊர்கள், கும்மிடிப்பூண்டியை நெருங்கும்போது புகைக்கூண்டும் கூரைத் தகடுமாக மாறிவிடும். சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகள் அநேகம். ஆலைகளில் வேலை செய்கிறவர்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாகாணங்களிலிருந்து வந்தவர்கள் ஏராளம். 1990-ஆம் வருஷத்திலிருந்து இலங்கை அகதிகளின் முகாம் ஒன்றும் இந்த ஊரில் இருந்து வருகிறது. அங்கே பிறந்து, அங்கேயே வளர்ந்து, பள்ளிக்கூடமும் முடித்துவிட்ட பிள்ளைகள் உண்டு.

இவை தவிர, ஊத்துக்கோட்டைப் பக்கமாகப் போனால், 'சேம்பர்' என்று ஜனங்கள் சொல்லும் செங்கல் சூளைகளைப் பார்க்கலாம். தீபாவளிக்குப் பிறகு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா ஜில்லாக்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் இங்கே வருகிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, ஆனி மாதம் வரையில் மண் குழைத்துக் கல் அறுத்துவிட்டு, மழைக்கு முன்னால் ஊர் திரும்புகிறார்கள். பெற்றோருடன் குழந்தைகளும் வருகிறார்கள். வருகிற குழந்தைக்கு ஒடிசாவில் பாதி வருஷப் படிப்பு போய்விடும். இங்கேயோ பாஷை தெரியாது.

அப்படிப்பட்ட ஒரு சூளைக்குத்தான் நான் போயிருந்தேன். சாயங்கால வேளை. மேஸ்திரி ஒருவர் கல் அடுக்குகளின் நடுவே என்னை அழைத்துக்கொண்டு போனார். ஓர் அடுக்கைக் காட்டி, "இதில் எத்தனை கல் இருக்கும்?" என்று கேட்டேன்.

"அதை இவன்கிட்டத்தான் கேக்கணும், ஐயா" என்று சிரித்துக்கொண்டே ஒரு பையனைக் கூப்பிட்டார். ஒன்பது வயதிருக்கும். உடம்பெல்லாம் செம்மண். பையன் அடுக்கை ஒருமுறை சுற்றி வந்து ஏதோ சொன்னான். "ஆயிரத்து நூத்து எம்பத்து மூணு என்கிறான்" என்றார் மேஸ்திரி.

நான் எண்ணிப் பார்த்தேன். நீளத்தில் 25 கல், அகலத்தில் 4, உயரத்தில் 12 வரிசை. மேல் வரிசையில் மட்டும் 17 கல் குறைவு. பையன் சொன்ன கணக்கு சரி.

எப்படிச் சொன்னாய் என்று மேஸ்திரி மூலம் கேட்டேன். ஒரு வரிசைக்கு 100 கல், பன்னிரண்டு வரிசை, அதில் பதினேழு போயிற்று என்றான். இதுவும் ஆச்சரியம் இல்லை. தினம் பார்க்கிற கணக்கு என்று நினைத்தேன். ஆகவே, "நீளத்தில் 25-க்குப் பதில் 24 கல் இருந்து, மேல் வரிசையும் நிறைந்திருந்தால் எவ்வளவு?" என்று கேட்டேன். பையன் தரையில் நாலு கூழாங்கல்லை வைத்தான். ஒரு விநாடி பார்த்தான். "ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு" என்று பதில் வந்தது. நான் பெருக்கிப் பார்த்துச் சரி என்று தெரிந்துகொள்வதற்கு அவனைவிட அதிக நேரம் பிடித்தது.

அவன் பெருக்கவே இல்லை. நீளத்தில் ஒரு கல் குறைந்தால் ஒரு வரிசையில் நாலு கல் குறையும். பன்னிரண்டு வரிசையில் நாற்பத்தெட்டு குறையும். ஆயிரத்து இருநூறில் நாற்பத்தெட்டைக் கழித்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புகளில் 'பங்கீட்டு விதி' என்று பெயர் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அந்த விதியைப் பையன் சூளை மண்ணில் தானே கண்டுபிடித்திருந்தான்! வாய்பாடு எதுவரையில் தெரியும் என்று விசாரித்ததில், நாலு வரையில் தெரியும் என்றான்.

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்கிறார்கள். தெரிகிறது, வாஸ்தவம். யாருக்குத் தெரிகிறது என்பதுதான் கேள்வி.

* * *

அன்றிரவு ரெயிலில் திரும்பும்போது மூன்று குழந்தைகளைப் பற்றிய நினைவு வந்தது. மூவரும் 1886, 1887, 1888 என்று அடுத்தடுத்த வருஷங்களில் பிறந்தவர்கள். மூவரும் அபாரமான புத்திசாலிகள். இன்றைய திருவள்ளூர் ஜில்லாவோடு மூவருக்கும் ஏதாவது ஒரு தொடர்பு உண்டு.

கடைசியில் பிறந்தவரை முதலில் சொல்லுகிறேன். 1888-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். திருத்தணி அக்காலத்தில் வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. தகப்பனார் ரெவினியூ சம்பந்தமான சிறு உத்தியோகம் பார்த்தவர், குடும்பம் பெரிது, வருமானம் சிறிது. பையன் திருத்தணியிலும், பிறகு திருப்பதியிலும், வேலூரிலும் படித்தான். படித்த காலம் முழுவதும் உபகாரச் சம்பளம் கைகொடுத்தது. சென்னைக் கிறிஸ்துவக் கலாசாலைக்கு வந்தபோது என்ன பாடம் எடுத்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது. உறவினர் ஒருவர் அதே கலாசாலையில் தத்துவ சாஸ்திரம் படித்து முடித்திருந்தார். அவருடைய புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தன. புத்தகம் வாங்கப் பணம் இல்லாத பையன் தத்துவ சாஸ்திரத்தையே எடுத்துக்கொண்டான். அந்தப் பழைய புத்தகக் கட்டு அவரை 1936-இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் பேராசிரியர் பீடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது. 1962-இல் அவர் இந்தியாவின் ஜனாதிபதி ஆனார்.

ராதாகிருஷ்ணன் ஏறிய ஏணியின் பெயர் பரீட்சை. ஒவ்வொரு படியிலும் காலை வைத்தார். ஒவ்வொரு படியும் அவரைத் தாங்கியது.

இரண்டாவது குழந்தை 1887-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தான். சீனிவாச ராமானுஜன் என்ற பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் இல்லை. ஆரம்பப் பரீட்சையில் ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறினான். டவுன் ஹைஸ்கூலில் பரிசுகள் வாங்கினான். இவனும் அதே ஏணியில்தான் ஏறினான். பதினைந்து பதினாறு வயதில், கார் என்ற ஆங்கிலேயர் ஆயிரக்கணக்கான கணிதத் தேற்றங்களைத் தொகுத்திருந்த புத்தகம் ஒன்று இரவலாகக் கைக்கு வந்தது. அவ்வளவுதான்! கணிதத்தைத் தவிர மற்றதெல்லாம் மறந்து போயிற்று. கும்பகோணம் கலாசாலையில் மற்றப் பாடங்களில் தவறி, உபகாரச் சம்பளத்தை இழந்தான். பிறகு சென்னையில் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சை தேறவில்லை. திருத்தணிப் பையனைத் தூக்கிவிட்ட அதே ஏணி கும்பகோணத்துப் பையனைக் கீழே தள்ளிவிட்டது. காகிதம் வாங்க வசதியில்லாமல் பலகையில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து அழித்து மேலே போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவரை யார் காப்பாற்றினார்கள்? மனிதர்கள் காப்பாற்றினார்கள். 1910-இல் உத்தியோகம் தேடிக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர், இந்தியக் கணித சங்கத்தை ஸ்தாபித்தவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இந்த மேதைக்குத் தாலுகா கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலை கொடுப்பது பாவம் என்று உணர்ந்தார். சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வழியில் பேராசிரியர் சேஷு ஐயரின் சிபாரிசு கிடைத்தது. அது நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் கொண்டுபோய் விட்டது. கும்மிடிப்பூண்டி வழியாக நான் பிரயாணம் செய்த இதே ரெயில் பாதைதான் நெல்லூருக்குப் போகிறது. ராமச்சந்திர ராவ் முதலில் சந்தேகப்பட்டார். பிறகு சந்தேகம் நீங்கி, மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்து வந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கேயும் நாராயண ஐயர் என்ற மேலதிகாரி, மாலை வேளைகளில் பலகையும் கையுமாகக் கூட உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. அதே வருஷத்தில், பட்டம் பெறாதவர் என்ற தடையைத் தாண்டிச் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் வழங்கியது. 1918-இல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினர் ஆனார். 1920 ஏப்ரலில், முப்பத்திரண்டாவது வயதில் காலமானார்.

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: இந்தச் சங்கிலியில் எத்தனை கைகள்! ஒரு கை நழுவியிருந்தாலும் ராமானுஜன் தாலுகா கச்சேரியில் கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டு காலத்தைக் கழித்திருப்பார். நமக்கு அவர் பெயரே தெரிந்திராது.

மூன்றாவது குழந்தை ஒரு பெண். 1886-இல் சென்னையில் பிறந்த சுப்பலட்சுமி. ஒன்பதாவது வயதில் நாலாம் வகுப்பின் பொதுப் பரீட்சையில் செங்கற்பட்டுப் பகுதி முழுவதிலும் முதலாவதாகத் தேறினாள். திருவள்ளூரும் பொன்னேரியும் அக்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. அப்பேர்ப்பட்ட குழந்தைக்குக் கிடைத்த உபகாரச் சம்பளம் என்ன தெரியுமா? பதினொரு வயதில் கலியாணம். கலியாணமான சிறிது காலத்திற்குள் புருஷன் காலமாகிவிட்டான்.

அவளுக்கு ஏணியே போடப்படவில்லை. மேலே ஒரு படிகூட இருக்கக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. ஆனால் தகப்பனார் சுப்பிரமணிய ஐயர், பொதுமராமத்து இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர், உறவினரின் ஏச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மகளைப் படிக்க வைத்தார். 1911-இல் ராஜதானிக் கலாசாலையில் பட்டம் பெற்றபோது, சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் ஹிந்து விதவை அவர்தான். அடுத்த வருஷத்திலிருந்து தம்மைப் போன்ற இளம் விதவைகளுக்கு இல்லமும் படிப்பும் ஏற்படுத்துவதையே வாழ்க்கையாகக் கொண்டார். 'சகோதரி சுப்பலட்சுமி' என்று தேசம் அவரை அறியும். ஒரு தகப்பனார் ஒரு குழந்தைக்கு நீட்டிய கை, எத்தனையோ குழந்தைகளுக்கு நீட்டிய கைகளாகப் பெருகிற்று.

ஆக, மூன்று குழந்தைகள். ஒருவரை ஏணி ஏற்றிவிட்டது. இன்னொருவரை ஏணி தள்ளிவிட, கைகள் தாங்கின. மற்றொருவருக்கு ஏணி இல்லாத இடத்தில் ஒரு தோள் கிடைத்தது.

* * *

இப்போது நாலாவது குழந்தையைப் பார்ப்போம்: செம்மண் பூசிய நம் சூளைப் பையன்.

அந்த நாளில் இருந்ததைவிட இன்று ஏணிகள் அதிகம் என்பதை மறுக்க முடியாது. சுதந்திர இந்தியாவில் 1963-இல் விஞ்ஞானத்துக்கென்று ஆரம்பமான தேசியத் திறனாய்வுத் தேர்வு, பிற்பாடு மற்றப் பாடங்களுக்கும் விரிந்து, அநேக இளைஞர்களைக் கைதூக்கிவிட்டது. வருந்தத்தக்க விஷயம், 2021-க்குப் பிறகு அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். 2008-இல் ஏற்பட்ட தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு இருக்கிறது. அரசாங்கப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஏழைப் பிள்ளைகள் அதை எழுதலாம். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நாலு வருஷம், வருஷத்துக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தேசம் முழுவதிலும் வருஷந்தோறும் ஒரு லட்சம் பேருக்கு இந்த உதவி. தமிழ்நாட்டில் கிராமப் பிள்ளைகளுக்கென்று ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்றும் உண்டு. ஜில்லாவுக்கு 50 பையன்கள், 50 பெண்கள். அண்மைக் காலத்தில் ஜில்லாவுக்கு ஒன்றாக மாதிரிப் பள்ளிகளும் ஏற்பட்டிருக்கின்றன. அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்துப் பெரிய கல்வி ஸ்தாபனங்களுக்குப் போகிறார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்கள்; மனமாரப் பாராட்ட வேண்டியவை.

ஆனால் இந்த ஏணிகளில் ஒன்றின் அடிப்படியையாவது நம் பையன் தொடமுடியுமா? வருவாய்வழித் தேர்வுக்கு ஏழாம் வகுப்பில் நூற்றுக்கு 55 மதிப்பெண் வேண்டும். விண்ணப்பம் பள்ளிக்கூடத்தின் வழியாகப் போகவேண்டும். வருமானச் சான்று வேண்டும். பாங்கிக் கணக்கு வேண்டும். வருஷத்தில் பாதி நாள் பலாங்கீரிலும் பாதி நாள் ஊத்துக்கோட்டையிலும் இருக்கிறவன் எந்தப் பள்ளிக்கூடத்தின் பதிவேட்டில் இருப்பான்? ஏழாம் வகுப்பு வரையில் போய்ச் சேர்வானா என்பதே சந்தேகம். அகதி முகாமில் பிறந்த பெண் குழந்தைக்கோ, பள்ளிக்கூடம் வரையில் தடையில்லை. அதற்கப்பால் குடியுரிமை என்ற கேள்வி வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. பரீட்சை என்பது ஒரு சல்லடை. எவ்வளவு நல்ல சல்லடையானாலும் அதன் கண்ணுக்குத் தகுந்ததைத்தான் பிடிக்கும். 1921-இல் அமெரிக்காவில் டெர்மன் என்ற பேராசிரியர் கலிபோர்னியா மாகாணத்துப் பள்ளிகளில் மேதைக் குழந்தைகளைப் பொறுக்கி எடுக்கத் தொடங்கினார். உபாத்தியாயர்களைக் கெட்டிக்காரக் குழந்தைகளின் பெயர் சொல்லச் சொன்னார். அவர்களுக்குப் புத்திப் பரீட்சை வைத்தார். சுமார் 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுவதும் கவனித்து வரச் செய்தார். அந்தப் பரீட்சையை எழுதி, மதிப்பெண் போதவில்லை என்று தள்ளப்பட்ட சிறுவர்களில் இருவர் ஷாக்லி, ஆல்வரெஸ். ஷாக்லிக்கு 1956-இலும் ஆல்வரெஸுக்கு 1968-இலும் பௌதிக சாஸ்திரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பொறுக்கி எடுத்த 1,500 பேரில் ஒருவருக்கும் அந்தப் பரிசு வரவில்லை! தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் நல்ல வக்கீல்களும் வைத்தியர்களும் பேராசிரியர்களும் நிறைய இருந்தார்கள். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில், சொந்தப் பாஷையில், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதிய குழந்தைகளையே சல்லடை தவறவிட்டது என்றால், சூளையின் புகையில் நிற்கும் குழந்தையை அது எப்படிப் பிடிக்கும்?

ஆகையால் சல்லடை வேண்டாம் என்று சொல்லவில்லை. சல்லடையின் பக்கத்தில் ஒரு ஜோடிக் கண்ணும் இருக்கவேண்டும் என்கிறேன். இந்த ஜில்லாவிலேயே அதற்கு ஓர் உதாரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் செங்கல் சூளைகளின் பக்கத்தில் பள்ளிகளை ஏற்படுத்தி, ஒடிசாவிலிருந்து ஆசிரியர்களையும் ஒடியா பாடப் புத்தகங்களையும் வரவழைத்துக் குழந்தைகளுக்கு அவர்கள் பாஷையிலேயே பாடம் நடத்தினார்கள். இரண்டு மாகாண சர்க்கார்களும் தொண்டு ஸ்தாபனங்களும் கைகோத்துச் செய்த காரியம் அது. பாஷை புரிந்தால்தானே குழந்தை வாய் திறக்கும்? வாய் திறந்தால்தானே அதன் புத்தி வெளியே தெரியும்?

* * *

இனி, திருவள்ளூர் நண்பருக்கு என் பதில்.

முதலாவது, பையனை விருந்தாளிகள் முன்னால் கச்சேரி செய்ய வைக்காதீர்கள். கைதட்டலுக்குப் பழகிய குழந்தை, விடை தெரிந்த கேள்விகளையே விரும்பத் தொடங்கிவிடும். தெரியாத கேள்விக்குள் பயமில்லாமல் நுழைவதுதான் மேதையின் லட்சணம். தப்புச் சொன்னால் கேவலம் என்ற எண்ணம் வந்துவிட்டால் அந்த லட்சணம் போய்விடும்.

இரண்டாவது, வேகமாகக் கணக்கை முடித்த குழந்தைக்கு அதே மாதிரி இன்னும் இருபது கணக்குக் கொடுப்பது தண்டனை, படிப்பாகாது. பத்து நிமிஷத்தில் முடித்தவனைப் பாக்கி முப்பது நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்வதும் அப்படியே. அவனுக்கு வேண்டியது ஆழமான ஒரு கேள்வி. அல்லது ஒரு நல்ல புத்தகம். கணிதத்தில் மட்டும் முந்தியிருந்தால் கணிதத்துக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்காரட்டும். விளையாட்டுக்கும் சிநேகத்துக்கும் சமவயதுப் பிள்ளைகளே துணை. புனாவில் ஞானப் பிரபோதினி என்ற ஸ்தாபனம் 1962 முதல் இத்தகைய குழந்தைகளின் படிப்பைப் பற்றி யோசித்து நடத்தி வருகிறது. புத்தியை வளர்ப்பதோடு, அந்தப் புத்தி ஊருக்கு எப்படிப் பயன்படவேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்பிப்பது அவர்கள் கொள்கை.

மூன்றாவது, ஒரு விஷயத்தில் மேதையாக இருக்கும் பிள்ளை எல்லாவற்றிலும் முதலாவதாக வரவேண்டும் என்று எதிர்பாராதீர்கள். ராமானுஜனுடைய கதை போதும். சரித்திரத்தில் தவறிவிட்டான் என்பதற்காகக் கணிதத்தைப் பறிக்கக் கூடாது. சரித்திரத்தைத் தேறுகிற அளவுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு நல்ல ஆளைத் தேடுங்கள்.

நாலாவது, உங்களுக்கு ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. நான் வந்தபோதெல்லாம் அது காப்பித் தம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரத்தில் நின்றிருக்கிறது. அண்ணன் 'உலான்பாத்தர்' என்று சொல்வதற்கு ஒரு விநாடி முன்னாலேயே அதன் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்களா?

ஐந்தாவதுதான் முக்கியமானது. உங்கள் பிள்ளைக்குக் கண்ணாக நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளின் பெண், எதிரே கட்டிடம் கட்டுகிறவர்களின் பையன், அரிசி ஆலைக் கொத்தடிமையிலிருந்து விடுபட்டு வந்த இருளர் குடும்பத்துக் குழந்தை, இவர்களுக்குக் கண் யார்? ராமஸ்வாமி ஐயர் ராமானுஜனுக்குப் பணம் கொடுக்கவில்லை, உத்தியோகமும் கொடுக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். ஒரு குழந்தை சொல்லும் விசித்திரமான பதிலை நின்று கேட்பதற்கும், அதன் வாத்தியாருக்கு நாலு வரி எழுதுவதற்கும், அந்தத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாயா என்று விசாரிப்பதற்கும் பெரிய செல்வம் வேண்டியதில்லை. படித்த குடும்பம் ஒவ்வொன்றும் வருஷத்தில் ஒரு குழந்தைக்கு இதைச் செய்யலாம். குடத்திலிட்ட விளக்கை வெளியே எடுத்து வைக்க, குடத்தின் மூடியைத் திறக்க ஒரு கை போதும்.

* * *

ஆடி மாதத்தில் மறுபடியும் அந்தச் சூளைப் பக்கம் போனேன். மழை ஆரம்பித்துவிட்டது. கல் அறுக்கிற இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. குடிசைகள் காலி. பையன் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டான் என்றார் மேஸ்திரி.

மாலை வேளைகளில் கொட்டகையில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்த ஒடியா இளைஞர் ஒருவரும் அவர்களோடு புறப்பட்டுப் போயிருந்தார். போகும் முன்பு அவர் ஒரு காரியம் செய்தாராம். பையனுடைய நோட்டுப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில், அவன் கிராமத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு ஒடியாவில் ஒரு கடிதம் எழுதினாராம். 'இந்தப் பையன் கணக்கில் மிகவும் முந்தியிருக்கிறான். பெருக்கல் தெரியாமலேயே பெருக்குகிறான். தயவு செய்து இவனைக் கவனியுங்கள்' என்று எழுதியிருந்ததாக மேஸ்திரி சொன்னார். நோட்டுப் புத்தகம் நனையாமல் இருப்பதற்காகப் பையனின் தாயார் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் துணி மூட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டாளாம்.

கடிதம் போய்ச் சேர்ந்ததோ, வாத்தியார் படித்தாரோ, எனக்குத் தெரியாது. அடுத்த தீபாவளிக்குப் பிறகு அந்தக் குடும்பம் மறுபடி வருமா, பையன் பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிடுவானா என்பதும் தெரியாது. அவன் வராமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

திரும்பும் வழியில் திருவள்ளூரில் இறங்கி நண்பர் வீட்டுக்குப் போனேன். காப்பி உடனே வந்தது. தாழ்வாரத்தில் செய்தித்தாள் விரித்திருந்தது. பையனும் அவன் தங்கையும் அதன் இரு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். கடிகாரம் இன்னும் ஓடவில்லை. ஆனால் இந்தத் தடவை நண்பர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.